வெள்ளைச் சாணைக்கல்

தச்சர் நடேசன் அண்ணனின் ஒரு இஞ்ச் உளி என் கையில் நீலமானபோது காலை பத்தரை மணி இருக்கும். முதலில் முனையில் வைக்கோல் நிறம் வந்தது. கையை இழுப்பதற்குள் செம்பு நிறம். அப்புறம் மயில் கழுத்து. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகு வந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது, உளி செத்துவிட்டது என்று அர்த்தம்.

"இன்னா அமலா, உளிக்கு சாயம் போட்டுகினுகீறியா?"

மேஸ்திரி தாண்டவராயன் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வெல்டிங் பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சாணை மெஷினை நிறுத்தினேன்.

"சார், கல்லு வெட்டல. வெறுமனே தேய்க்குது. சூடு ஏறிப்போவுது. எத்தினி வாட்டி சொல்லிட்டேன்."

"மெஷின் மேல பழி போடாத. கை சரியில்ல. தண்ணியில தோச்சு எடு, சரியாப் பூடும்."

"தோச்சா சூடுதான் போவும் சார். பதம் திரும்பி வராது."

"ஓ, எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

மண்ணூர் சாலையில் இருந்த எங்கள் ஷெட்டில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வெல்டிங். இன்னொரு பக்கம் மரம். இரும்பை வார்க்கிறவர்களுக்கு முதலில் மரத்தில் ஒரு உரு வேண்டும். அதை மணலில் அழுத்தி எடுத்தால் விழுகிற பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருக்களைத்தான் எங்கள் தச்சர்கள் செய்தார்கள். அவற்றின் சந்துகளை அடைக்க மக்குப் பூசி பெயிண்ட் அடிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். சாணை பிடிப்பவர் அம்பத்தூருக்குப் போய்விட்ட ஒரு வாரம், சும்மா இருந்த மெஷினில் நான் ஒரு உளியைத் தீட்டிப் பார்த்தேன். அன்று முதல் மூன்று வருஷமாக அது என் வேலை. அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் யார் வேண்டுமானாலும் பிடுங்கிவிடலாம் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

உளிகள் கம்பெனியுடையவை அல்ல. எங்கள் பக்கத்தில் தச்சர் தன் பெட்டியைத் தானே கொண்டுவர வேண்டும். உளி கெட்டால் அது அவர் வீட்டு நஷ்டம். கெடுத்தவள் நான் என்று பெயர். ஆனால் கெடுத்தது மெஷின். ஆறு இஞ்ச் சாம்பல் கல், நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று. வெல்டிங் ஆட்கள் அதே கல்லில் பிசிறு தேய்ப்பார்கள், அலுமினியம் தேய்ப்பார்கள். கல்லின் முகம் அடைத்து, கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. அதில் உளியை வைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான்.

நடேசன் அண்ணன் உளியை வாங்கிப் பார்த்தார். நீலமான நுனியை வைஸில் இறுக்கி, சுத்தியலால் தட்டி ஒடித்து எடுத்தார். ஒடிந்த துண்டை நான் பொறுக்கி, காலியான பெயிண்ட் டப்பாவில் போட்டேன். அது பதினோராவது துண்டு. ஏன் சேர்க்கிறேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கோபத்தை எங்காவது போட்டு வைக்க ஒரு டப்பா வேண்டியிருந்தது.

அந்த வாரமே ஒரு வார்ப்படக் கம்பெனி எங்கள் உருவைத் திருப்பி அனுப்பியது. ஓரங்கள் பிய்ந்திருக்கின்றன, மணல் உடைகிறது என்று. முதலாளி திருமலை ஷெட்டுக்கு வந்தார். "இன்னாத்துக்கு ஓரம் பிய்யுது?" என்று கேட்டார்.

"உளி மழுங்கிடுது சார்," என்றார் நடேசன் அண்ணன். "சாணை மெஷின் சரியில்ல."

மூன்று வருஷமாக நான் சொன்னது அதே வாக்கியம். அவர் ஒரு தடவை சொன்னதும் முதலாளி தலையாட்டினார். "தாண்டவராயா, புதுசா ஒன்னு வாங்கிகினு வா."

"நானும் போறேன் சார்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "தீட்டுறவ நான்தானே?"

முதலாளி தோளைக் குலுக்கினார். "கூட்டிகினு போ."

அவர் போனதும் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "சரி, நீயே பொறுக்கு. புதுசு வந்தப்பறம் ஒரே ஒரு உளி நீலமாவட்டும், மறுபடி பெயிண்ட் பிரஷ்தான். சம்மதமா?"

"சம்மதம்."

மெஷின் கடைகள் வரிசையாக இருக்கும் செம்புதாஸ் தெருவில் கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஸ்திரியைத்தான் பார்த்தார். "இத எடுத்துக்குங்க சார். ராக்கெட் மாரி சுத்தும்."

"ராக்கெட் வேணாங்க," என்றேன். "ஆயிரத்து நானூத்து நாப்பது சுத்துல, எட்டு இஞ்ச் கல்லு மாட்டுறது கீதா?"

அவர் மேஸ்திரியிடம் கேட்டார். "அம்மா யாரு சார்?"

"கம்பெனி," என்றார் மேஸ்திரி, திருட்டை ஒப்புக்கொள்வதுபோல.

"அது யாரும் கேக்கறதில்லமா. உள்ள எங்கியாவது தூசில கெடக்கும். வேகம் கம்மின்னா வேலையும் கம்மிதானே?"

"சூடும் கம்மி."

தூசியோடு வந்தது. பச்சை வண்ணம் அடித்த கனமான மெஷின். அச்சைக் கையால் சுற்றிவிட்டேன். தடங்கல் இல்லாமல் நெடுநேரம் சுற்றி, தண்ணீரில் மிதக்கிற இலைபோல மெதுவாக நின்றது. பிறகு கல். அவர் சாம்பல் கல்லை நீட்டினார். நான் வெள்ளைக் கல் கேட்டேன்.

"வெள்ளை சீக்கிரம் தேஞ்சிடும்மா. சாம்பல் இரும்பு மாரி நிக்கும்."

"தேயட்டும். கல்லு தேஞ்சா கல்லுதான் போவும். கல்லு தேயலன்னா உளி போயிடும்."

இரண்டு வெள்ளைக் கற்கள் வந்தன. முதலாவதை நடுத் துளையில் விரல் விட்டுத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் பக்கவாட்டில் தட்டினேன். டொக் என்றது. திருப்பித் தட்டினேன். டொக்.

"இதுல விரிசல் கீது."

"கண்ணுக்கு ஒன்னும் தெரியலியே?"

"காதுக்குத் தெரியுது."

"கல்லு வாங்க வந்தியா, கோயில் மணி வாங்க வந்தியா?" என்றார் மேஸ்திரி. கடையே சிரித்தது. என் காது சுட்டது. ஆனால் கையை நிறுத்தவில்லை. இரண்டாவது கல்லைத் தட்டியதும் டிங் என்று ஒரு சத்தம் எழுந்து, தெருவின் இரைச்சலுக்கு மேலே ஒரு கணம் தனியாக நின்றது. எனக்கு அந்தச் சத்தத்திற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இது," என்றேன்.

பில்லில் எழுதக் கடைக்காரர் ஊர்ப் பெயர் கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றார் மேஸ்திரி. பேனா நின்றது. அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்த பிறகு எந்தக் கடையிலும் அப்படித்தான். நாங்கள் எதையோ நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள்போல முகத்தையே பார்ப்பார்கள்.

பஸ்ஸில் மெஷின் மேஸ்திரியின் காலடியில். கல் என் மடியில், புடவைத் தலைப்பில் சுற்றி. கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாமா, மாவு கிரைண்டரா? தோசைக்கு எப்ப வரட்டும்?"

"தோசை வேணும்னா இவங்கள கேளுப்பா, எல்லாம் இவங்க ராஜ்ஜியம்தான்," என்றார் மேஸ்திரி, ஜன்னலைப் பார்த்தபடி. பூந்தமல்லி தாண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கல்லைத் தூக்கித் தூக்கிப் பிடித்தேன்.

என் முழங்கை உயரத்துக்கு மேஜையை வைத்து, மெஷினை போல்ட் போட்டு இறுக்கினோம். உளியைச் சாய்த்து வைக்க மெஷினுடன் வந்த தாங்கி வெறும் தகரம். நான் மரத்தில் கோணம் வெட்டிக் காட்ட, வெல்டர் மாரி அதே கோணத்தில் கனத்த இரும்புப் பட்டையில் ஒன்று செய்து கொடுத்தான். பக்கத்தில் ஒரு தண்ணீர் டப்பா. நடேசன் அண்ணனின் உளியை வைத்தேன். சீறவில்லை. மணலில் யாரோ நடப்பதுபோல ஒரு சத்தம். பொறி கொஞ்சமாக, தாழ்வாக விழுந்தது. முனையை விரலால் தொட்டேன், தொட முடிந்தது. எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு. அண்ணன் வாங்கி, தன் முன்கையில் மயிரை மழித்துப் பார்த்தார்.

"அடிங்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

மேலே பலகையில் சாக்பீஸால் எழுதினேன்: மரவேலை உளிகள் மட்டும். வேறு இரும்பு கூடாது.

மேஸ்திரி படித்தார். "உன் பேருக்குப் பட்டா போட்டாச்சா?"

ஒரு மாதம் ஒரு உளிகூட நீலமாகவில்லை. ஒரு நாள் காலை மட்டும் வெள்ளைக் கல்லில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. மாரி குரலைத் தாழ்த்தி, "மேஸ்திரிதான். நேத்து ஏதோ பட்டையத் தேச்சாரு," என்றான். நான் கோட்டைச் சீவி எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்காத கோபம் உள்ளே கிடந்து எங்கெங்கோ வேர்விடும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் கழுவினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். வழக்கமாகப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன். நடேசன் அண்ணன் தண்ணீர்க் குவளையை என் கையில் கொடுத்தார். "உன் மெஷினுக்கு நீதான் செய்யணும். வேற யாரு தொட்டாலும் நீ கடிச்சிடுவ."

ஒரு மாதத் தூசியில் கல் பழுப்பாக இருந்தது. குவளை குவளையாக ஊற்றித் தேய்த்தேன். வடித்த சோறுபோல வெளுத்து வந்தது. மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஷெட்டிலேயே அதுதான் அழகு என்றார்கள். பூஜை முடித்து, வழக்கம்போல் எதையும் தொடாமல், இரண்டு நாள் பூட்டினார்கள்.

திறந்த அன்று முதலாளி வந்தார். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். ஒவ்வொரு மெஷினாக ஓட்டினார்கள். என் மெஷினின் சுவிட்சை நானே போட்டேன்.

முதலில் ஒரு முனகல். பிறகு மேஜை நடுங்கியது. தண்ணீர் டப்பா நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. கல்லின் ஓரம் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒரு போல்ட் கழன்று உருண்டது. முதலாளி பின்னால் குதித்தார். மாரி ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

நான் மேஸ்திரி பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"நீங்கதான் சார்! நீங்கதான் இதுல பட்டையத் தேச்சீங்க! கல்ல இடிச்சு ஒடச்சிட்டீங்க! வேணும்னே பண்ணிகீறீங்க!"

"யாரப் பாத்து இன்னா பேசற?" மேஸ்திரியின் முகம் கறுத்தது. "சார், நான் ஒரே ஒரு நாள் தேச்சேன், அதுவும் போன மாசம்."

"பொய்!"

"சண்ட அப்பறம்," என்றார் முதலாளி. "கல்ல கழட்டு."

கழற்றினேன். துளையில் விரல் விட்டுத் தூக்கி, எல்லார் முன்னாலும் மரப்பிடியால் தட்டினேன்.

டொக்.

"கேட்டீங்களா சார்?" மேஸ்திரி கைதட்டினார். "கடையில இவ வாயாலயே சொன்னா. டொக்குன்னா விரிசல். கோயில் மணி ஒடஞ்சு போச்சு!"

எனக்குக் கல் கனத்தது. வாங்கியபோது இருந்ததைவிடக் கனம். உள்ளங்கையால் தடவினேன். மேல் பாதி உலர்ந்து சொரசொரப்பாக இருந்தது. கீழ்ப் பாதி குளிர்ந்திருந்தது. அலை திரும்பிப் போன பிறகு கரையில் தெரிகிற மணல்போல நிறம் கறுத்திருந்தது. நான் குவளை குவளையாக ஊற்றிய தண்ணீர். கல் குடித்திருந்தது. இரண்டு நாள் அசையாமல் நின்றதில் அத்தனையும் அடிப்பக்கம் இறங்கித் தங்கியிருந்தது. ஒரு பக்கம் கனத்த கல் சுற்றினால் ஆடாமல் என்ன செய்யும்?

பேசாமல் இருந்திருக்கலாம். பழி மேஸ்திரிமேல் பாதி விழுந்தாகிவிட்டது. முதலாளியும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மேஸ்திரி மேல சொன்னது தப்பு," என்றேன். "நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினேன். கல்லு ஈரம். அதான் ஆடுது. சத்தமும் அதனாலதான் இப்பிடி. காஞ்சா சரியாப் பூடும்."

"விரிசல்னா?" என்றார் முதலாளி.

கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பெயிண்ட் டப்பா அங்க கீது," என்றார் மேஸ்திரி. "பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்."

"உளி நீலமானாத்தானே பேச்சு? ஒரு உளி காட்டுங்க சார். புது மெஷின் வந்து ஒரே ஒரு நீல உளி காட்டுங்க! தண்ணி ஊத்தினது என் தப்பு. இந்த மெஷின எடுத்தது தப்பில்ல."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நாள். அதுக்குள்ள சரியாவலன்னா இதுல சாம்பல் கல்லு போட்டு வெல்டிங் பக்கம் தள்ளிடுங்க. நீ பெயிண்டுக்குப் போ. அதுவரைக்கும் பழைய மெஷின்ல தீட்டிக்குங்க."

அவர் போனதும் மேஸ்திரி நடேசன் அண்ணனின் மேஜையிலிருந்து உளியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தா. போ, பழசுல தீட்டு."

கையைக் கட்டிக்கொண்டேன்.

நடேசன் அண்ணன் எழுந்து வந்து, மேஸ்திரியின் கையிலிருந்து உளியைப் பறித்து வாங்கிக்கொண்டார். "இது என்னுது மேஸ்திரி."

"நடேசா, வேலை நடக்கணும்."

"நடக்கும். கையால கல்லுல தீட்டிக்கிறோம். அந்த மெஷின்ல இனிமே எங்க உளி ஏறாது. ஏத்தித்தான் ஆவணும்னா கம்பெனி உளி வாங்கிக் குடுங்க, அத எவ்ளோ வேணா நீலமாக்கிக்கலாம்."

தச்சர்கள் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியிலிருந்து எண்ணெய்க் கல்லை எடுத்து மேஜையில் வைத்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மேஸ்திரிதான் போட்டார். ஆர்டர், லாரி, நாசம் என்று என்னென்னவோ. தச்சர்கள் எண்ணெய் விட்டுத் தேய்த்தார்கள்.

கல்லை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே எதுவும் காயாது.

"இன்னாடி இது, வூட்டுக்கு ஆட்டுக்கல்லு தூக்கினு வந்துகீற?" என்றாள் அம்மா.

"தொடாத. அடுப்புக்கு மேல பரண்ல வைக்கணும்."

"அங்க புளி கீது."

"புளிய எறக்கு."

மிளகாய் வற்றல் பக்கத்தில், ஒரு முறத்தில் கல் படுத்திருந்தது. சுள்ளென்ற சூடு படக்கூடாது, வெடித்துவிடும் என்று பயம். காலையில் திருப்பி வைப்பேன். மாலையில் திருப்பி வைப்பேன். தட்டிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. கூரைமேல் மழை கொட்டும்போதெல்லாம் மேஸ்திரி மேகத்திலிருந்து வேண்டுமென்றே ஊற்றுகிறார் என்று தோன்றியது. அடுத்த நொடி, அவர்மேல் பழி போட்டுக் கத்தியது நினைவுக்கு வரும். அவர்மேல் எனக்கிருந்த நியாயமான கோபம் மூன்று வருஷக் கோபம். அதில் ஒரு கரண்டி பொய்யை நானே கலந்துவிட்டேன். அதற்காகவும் அவர்மேலேயே எரிச்சல் வந்தது.

நாலாம் நாள் காலை கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி சாம்பல் கல்லை ஏற்கெனவே என் மேஜையில் வைத்திருந்தார். அதைத் தள்ளிவிட்டு, என் கல்லை விரலில் தொங்கவிட்டேன். நேராக அவரிடம் போனேன். அவர் காதுக்குப் பக்கத்தில் தட்டினேன்.

டிங்.

பக்கத்தைத் திருப்பி மறுபடி. டிங். வெல்டிங் பக்கத்தில் மாரி ராடைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

கல்லை மாட்டினேன். கையால் சுற்றிவிட்டேன். எந்தப் பக்கமும் கனத்து இறங்காமல் நின்றது. எல்லாரையும் கல்லின் நேரிலிருந்து விலகச் சொல்லிவிட்டு, ஓரமாக நின்று சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டேன். தண்ணீர் நிரப்பிய டப்பாவை மேஜையில் வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் சிலிர்த்தது. டப்பா நகரவில்லை.

"சரி, சரி," என்றார் மேஸ்திரி. "வேலையப் பாருங்க."

பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து அவர் மேஜையில் கவிழ்த்தேன். பதினோரு நீலத் துண்டுகள். ஒன்று உருண்டு அவர் டீ கிளாஸில் இடித்து நின்றது.

"அன்னிக்கு உங்க மேல சொன்னது தப்பு. எல்லாரு முன்னாலயும் சொன்னேன், எல்லாரு முன்னாலயும் தப்புன்னும் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க சார். கை சரியில்லியா? மெஷின் சரியில்லியா?"

அவர் துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ஆர்டர் மூணு நாள் லேட்டாயிகீது. நிக்காத."

சாம்பல் கல்லைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்டிங் பக்கம் போனார். துண்டுகளை நான் பொறுக்கவில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

பலகையில் ஒரு வரி சேர்த்தேன்: கல்லில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பூஜைக்கும்தான். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

நடேசன் அண்ணன் உளியோடு வந்து நின்றார். "இன்னும் கோவமா?"

"ஆமாண்ணா."

"சரி," என்று இன்னொரு கையை முன்னால் கொண்டுவந்தார். "அப்ப இந்த அரை இஞ்சையும் சேத்துத் தீட்டிடு."